நாடி பார்க்கத் தெரிந்த தலைவர்கள்

மலையகத்தில் ஒரு தலைவரைப் புகழ வேண்டுமானால், ஆளைப் பார்த்த மாத்திரத்திலேயே உள்ளத்தில் இருப்பதை அறிந்துவிடுவார் என்பார்கள். கொழும்பில் யாருக்கு எது தேவை, யார் எதற்கு அஞ்சுகிறார் என்று கணித்துக் காய் நகர்த்துவதே அரசியல் என்ற எண்ணம் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வேரூன்றிவிட்டது. இதனை ஒரு தலைமைப் பண்பாக ஏற்க நான் மறுக்கிறேன்.

இந்த வித்தை நமக்குப் புதிதன்று. பெரிய கங்காணி இதில் கைதேர்ந்தவர். துரைக்குத் தேவை பிரட்டுக்கு ஆள். தொழிலாளியைக் கட்டிவைத்திருப்பது கடன். இரண்டையும் அறிந்தவர் நடுவில் நின்று இரு பக்கமும் செல்வாக்குப் பெற்றார். கடனைக் குறித்துத் தோட்டம் எழுதிக்கொடுத்த துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்தில் வேலை பெறுவது அரிது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. நடுவில் நிற்கும் வித்தை ஒழியவில்லை.

சௌமியமூர்த்தி தொண்டமான் ஒரு பெரிய கங்காணியின் மகன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை மீட்கும் போராட்டத்தில் வளர்ந்தவர். 1977இல் நாடாளுமன்றம் சென்று, 1978இல் ஜே.ஆர். ஜெயவர்தனாவின் அமைச்சரவையில் இணைந்தார். பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா என ஜனாதிபதிகள் மாறினர். 1999இல் மறையும்வரை அவர் அமைச்சராகவே இருந்தார். மனிதர்களை எடைபோடத் தெரியாதவருக்கு இது இயலாது.

எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 1988இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் அந்தத் திறமையால்தானே என்று நண்பர்கள் கேட்பார்கள். அதற்கு முன்னர் நடந்தவற்றை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. 1986 ஜனவரியில் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது. கொழுந்து பறிக்கும் கைகள் நின்றதால்தான் கொழும்பு இறங்கி வந்தது. ஜெயவர்தனாவின் மனத்தை ஒருவர் எத்தனை துல்லியமாக வாசித்திருந்தாலும், அந்தக் கைகள் இல்லையேல் அந்த வாசிப்புக்கு விலையே இல்லை.

பின்னர் வந்தவர்கள் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், போராட்டத்தைக் கைவிட்டார்கள். நாட்சம்பளம் 1000 ரூபா என்ற கோரிக்கை 2015இல் கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்களில் எழுந்தது. அது சம்பள நிர்ணயச் சபையின் வழியாக நிறைவேறியது 2021இல். இடைப்பட்ட ஆண்டுகளில் மலையகத்தின் இரு அரசியல் முகாம்களும் மாறிமாறி அமைச்சுப் பதவிகளில் அமர்ந்திருந்தன. ஆட்சியாளரின் தேவையைச் சரியாகவே கணித்தார்கள். அந்தக் கணிப்பின் பயன் முதலில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே என் கேள்வி.

ஆட்சியாளரின் உள்நோக்கத்தை அறியும் தலைவரைத் தேடியது போதும். தலைவரின் உள்நோக்கத்தை அறியும் தொழிலாளர்களே இன்று தேவை. அமைச்சுப் பதவி ஏற்கும்போது என்ன கேட்டீர்கள்? எழுத்தில் என்ன பெற்றீர்கள்? லயனுக்குப் பதிலாகக் காணியும் வீடும் என்று வருகிறது? தராவிட்டால் எந்த நாளில் பதவி விலகுவீர்கள்?

அடுத்த முறை மாலையோடு மேடைக்கு அழைக்கும்போது, முதலில் இவற்றைக் கேளுங்கள். பதில் வந்த பின்னர் மாலை போடலாம்.