முதுகுத்தண்டு ஊசி: தருவது குணம் அல்ல, அவகாசம்

இடுப்பில் தொடங்கித் தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கும் நரம்பு வலிக்கு இந்திய நகரங்களில் இன்று மூன்று வழிகள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. மாத்திரையும் உடற்பயிற்சியும் ஒன்று. அறுவை சிகிச்சை இன்னொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே முதுகுத்தண்டில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி. கத்தியும் இல்லை, நெடுங்காலக் காத்திருப்பும் இல்லை என்பதே இந்த நடுவழியின் ஈர்ப்பு. வலியால் பல இரவுகள் உறங்காத ஒருவர் அதை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஊசியால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது அவரிடம் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். மருத்துவ நெறி சார்ந்த கேள்வி இங்கேதான் எழுகிறது.

சிகிச்சையின் அறிவியல் அடிப்படை வலுவற்றதன்று. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே இவ்வலிக்குக் காரணம் என்பதை 1934இல் மிக்ஸ்டரும் பாரும் நிறுவினர். அழுத்தம் மட்டுமே காரணம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1993இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் பன்றிகளின் நரம்பு வேர்கள் மீது, எவ்வித அழுத்தமும் இன்றி, தட்டின் உட்கூழை வைத்தே நரம்பின் செயல்பாடு குன்றுவதைக் காட்டினர். அழுத்தத்தோடு அழற்சியும் சேர்ந்தே வலியை உண்டாக்குகிறது என்ற புரிதல் இதனால் வலுப்பட்டது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டை, தண்டுவடத்தைச் சூழ்ந்த டியூரா உறைக்கு வெளியே, பாதிக்கப்பட்ட நரம்பு வேருக்கு அருகில் செலுத்துவது தர்க்கத்துக்கு உகந்ததே. 1901இல் பாரிஸில் சிகார் இதே வெளியில் கோகெய்ன் செலுத்தி வலியைத் தணிக்க முயன்றார். ஸ்டீராய்டு 1950களில் அவ்விடத்தைப் பிடித்தது.

தர்க்கத்துக்கு உகந்தது எல்லாம் நடைமுறையில் அதே அளவில் பலன் தருவதில்லை. 1997இல் வெளியான கனடிய ஆய்வு தட்டுப் பிதுக்கத்தால் கால்வலியுற்ற 158 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டு, மறு பிரிவினருக்கு உப்புநீர். தொடக்க வாரங்களில் ஸ்டீராய்டு பிரிவில் கால்வலி சற்றே குறைந்தது. மூன்று மாதங்களில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டோர் இரண்டிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். 2020இல் 25 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வும் இதையே சொல்கிறது: குறுகிய காலத்தில், நூறு புள்ளி அளவுகோலில் கால்வலி சராசரியாக 5 புள்ளி மட்டுமே கூடுதலாகக் குறைகிறது. தண்டுவடக் கால்வாய்க் குறுக்கத்தால் வலியுறும் முதியோர் நிலை இன்னும் தெளிவு. 400 பேரிடம் நடந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்ததால் ஆறு வாரங்களில் பொருட்படுத்தத்தக்க கூடுதல் பலன் காணப்படவில்லை.

இதற்கு வலி மருத்துவர்கள் முன்வைக்கும் மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. சராசரி என்பது நன்கு குணம் கண்டவரையும் சிறிதும் காணாதவரையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. தவிர, அவ்வெளியில் செலுத்தப்படும் உப்புநீரும் அழற்சிப் பொருள்களைக் கழுவி நீக்கக்கூடும் என்பதால் அதை வெறும் போலி மருந்தாகக் கொள்ள இயலாது என்கின்றனர். இது உண்மையாயின் இன்னொரு கேள்வி எழுகிறது. உப்புநீரே ஓரளவு உதவுமெனில், ஸ்டீராய்டின் பக்கவிளைவுகளை நோயாளி ஏன் சுமக்க வேண்டும்?

அவ்விளைவுகள் பெரும்பாலும் சிறியவை; அரிதாகக் கொடியவை. பக்கவாதம், பார்வையிழப்பு, மரணம் வரை நேர்ந்திருப்பதைச் சுட்டி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரிக்கை விடுத்தது; இப்பயன்பாட்டுக்கு எந்த ஸ்டீராய்டுக்கும் தான் ஒப்புதல் வழங்கவில்லை என்பதையும் குறிப்பிட்டது. இந்தியாவில் அரிதல்லாத விளைவு ஒன்றே கவலைக்குப் போதுமானது. ஊசிக்குப் பின் சில நாள்களுக்கு இரத்தச் சர்க்கரை உயரும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டபடி, 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழும் நாடு இது.

அப்படியானால் ஊசியே வேண்டாமா? அவ்வாறு முடிவு செய்வதும் சான்றை மீறுவதாகும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வகுத்த நெறி, திடீரெனத் தோன்றிய கடும் கால்வலிக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. கால்வாய்க் குறுக்கத்தால் நடக்கையில் எழும் வலிக்கு வேண்டாம் என்கிறது. 2025இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட நெறி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு இதனை வன்மையாக மறுத்தது. வலி மருத்துவச் சங்கங்கள் அதை எதிர்த்தன, விவாதம் தொடர்கிறது. பிதுங்கிய தட்டு பலருக்கு மாதங்களில் தானே சுருங்குகிறது, வலியும் தணிகிறது. அதுவரை உறங்கவும் நடக்கவும் பயிற்சி செய்யவும் சில வார அவகாசம் வேண்டுவோர் உண்டு. அவர்களுக்கு ஊசி பயன்படலாம். முதல் ஊசியின் பலனைப் பாராமலே மூன்று ஊசிகளை முன்கூட்டித் திட்டமிடும் வழக்கத்துக்கோ தக்க சான்றில்லை. சிறுநீர்க் கட்டுப்பாடு இழந்தோருக்கும், கால் நாளுக்கு நாள் வலுவிழப்போருக்கும் தேவை உடனடி அறுவை மதிப்பீடு; அங்கு ஊசி காலத்தை வீணடிக்கும்.

இவையெல்லாம் கையொப்பத்துக்கு முன் சொல்லப்பட வேண்டியவை. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் வகுத்தபடி, சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்றுவழிகள், கணிசமான இடர்கள் ஆகியவற்றை அறிந்து தரப்படும் ஒப்புதலே செல்லத்தக்க ஒப்புதல். ஊசிக்கூடத்தின் வாசலில் நீட்டப்படும் அச்சடித்த தாள் அதற்கு ஈடாகாது. எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி ‘தட்டு விலகியிருக்கிறது’ என்று அச்சுறுத்துவதும் ஈடாகாது. வலியே இல்லாத இருபது வயதினரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் படத்தில் தட்டுப் புடைப்பு தென்படுகிறது என்பது 2015இல் வெளியான தொகுப்பாய்வின் முடிவு.

மருத்துவர் சொல்ல வேண்டியது நான்கைந்து வாக்கியங்கள்தாம்: ‘இது தட்டைச் சரிசெய்யாது. சில வாரங்களுக்கு வலி சற்றுக் குறையலாம், குறையாமலும் போகலாம். அறுவை சிகிச்சையைத் தவிர்க்கும் என்று உறுதி கூற இயலாது. சர்க்கரை ஏறும். காத்திருப்பதும் ஒரு வழியே.’ இதைக் கேட்ட பிறகும் ஊசியைத் தேர்ந்தெடுப்பவரின் முடிவு மதிக்கத்தக்கது. இதைக் கேளாமல் கையொப்பமிட்டவர் அளித்தது ஒப்புதல் ஆகாது.