வார்த்த காரா, பொருத்தும் காரா?



மல்கிரேவில் எங்கள் பிள்ளைகள் பிறந்தநாளுக்குச் சின்னக் கார் கேட்கிறார்கள். எதை வாங்குவது?

உருக்கிய நாகக் கலவையை அச்சுக்குள் அழுத்தி வார்த்தவை ஒருவகை. 1953இல் இங்கிலாந்தில் தொடங்கிய மச்பொக்ஸ் கார்கள் அவ்வகை. பெட்டியைத் திறந்தால் கார் தயார். விழுந்தாலும் லேசில் உடையாது. வாடகை வீடு மாறும் எங்களுக்கு அது வசதி.

மற்றது தமியா, எயார்ஃபிக்ஸ் போன்றவை. பிளாஸ்ரிக் துண்டுகளை வெட்டி, பிசிறு தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும்.

இரண்டும் அச்சில் பிறந்தவைதான். பொருத்துகிற கை யாருடையது என்பதே வித்தியாசம். கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் யாருக்கோ பொருத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு இருந்து பொருத்தினால் கதையும் வரும்.

1990களில், பொருளாதாரத் தடைக்குள், யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. குட்டி என்ஜினைக் கையில் வைத்து இதைச் சொன்னேன். “அப்ப புகை வரேல்லையா அப்பா?” என்று மகன் தமிழிலேயே கேட்டான்.

சின்னஞ்சிறுசுகளுக்கு வார்த்த கார் போதும். எட்டு, ஒன்பது வயதானால் பொருத்தும் பெட்டியை வாங்குங்கள். பசை மணக்கும், யன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் நீங்களும் இருங்கள்.