தாழியின் வயதும் தர்ப்பணத்து எள்ளும்

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டிய தாழி ஒன்றுக்குள் மண்ணோடு மண்ணாகக் கொஞ்சம் நெல் உமி கிடந்தது. செத்தவருக்கென்று யாரோ வைத்தது. அமெரிக்காவின் மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் அதன் காலம் கி.மு. 1155 என்று கணித்தது. 2021 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அதைச் சட்டப்பேரவையில் அறிவித்தார். பிறகு 2025 ஜனவரி 23 அன்று வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையில், இதே சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டுக்கு கி.மு. 3345 என்ற காலம் தரப்பட்டது. ஒரே ஊர், நடுவில் 2,190 ஆண்டுகள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு ‘ஏன் இவ்வளவு இடைவெளி?’ என்று தோன்றினால் அவர் அறிவியலின் வழியில் யோசிக்கிறார். பெரிய எண்ணை மட்டும் எடுத்துத் தலையில் வைத்துக் கொண்டாடத் தோன்றினால், அவர் கையில் இருப்பது ஆய்வறிக்கையே ஆனாலும் செய்வது பக்திதான்.

அறிவியல் ‘எப்படி’ என்று கேட்கிறது, சமயம் ‘ஏன்’ என்று கேட்கிறது, ஆகவே இரண்டுக்கும் சண்டையில்லை என்று மேடைதோறும் ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தாமிரபரணிக் கரையில் அது நிற்காது. மனிதன் எங்கிருந்து வந்தான், செத்தபின் என்ன ஆகிறான் என்ற கேள்விகளை இரண்டுமே இங்கே கேட்டிருக்கின்றன. வேறுபாடு கேள்வியில் இல்லை. கிடைத்த பதில் தவறாகிப் போனால் என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆதிச்சநல்லூரையே எடுத்துக்கொள்வோம். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 24 கிலோமீட்டரில், 114 ஏக்கர் பரம்பு. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் முதலில் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டி, தாழிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் இரும்பு ஆயுதங்களையும் பட்டியலிட்டார். 1930-இல் ஸோலி ஸக்கர்மன் இங்கே கிடைத்த மண்டையோடுகளை அளந்து, அவை எந்த இனத்தவருடையவை என்று எழுதினார். மண்டையோட்டின் நீள அகலத்தைக் கொண்டு இனம் பிரிப்பது அன்றைக்குப் பெரிய அறிவியல். இன்று அந்த முறையை அறிவியலே தூக்கிப் போட்டுவிட்டது. 2004-இல் தொல்லியலாளர் சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடி தோண்டியபோது கிடைத்த மாதிரிகளில் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தெரிவிக்கப்பட்டது. (பதினைந்து ஆண்டு அந்த மாதிரிகள் காத்துக் கிடந்ததற்கும் அறிவியலுக்கும் சம்பந்தமில்லை; அது நம் அலுவலக நடைமுறையின் பெருமை.) ஜாகோர் தொடங்கி இன்றுவரை ஒவ்வொருவரும் முன்னவரின் கணக்கில் கைவைத்திருக்கிறார்கள். அதனால் யாரும் தொல்லியல் செத்துவிட்டது என்று சொல்லவில்லை.

ஆதிச்சநல்லூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் உறங்காப்புளி மரத்தடியில், மதுரகவி வந்து ஒரு புதிர் போட்டார் என்பது வைணவ மரபு. உயிரில்லாத உடலுக்குள் உயிர் வந்து சேர்ந்தால் அது எதைக் கொண்டு வாழும் என்பது கேள்வியின் சாரம். அதுவரை பேசாதிருந்தவர், அந்த உடலையே கொண்டு வாழும் என்ற பொருளில் விடை சொன்னார். மதுரகவி ஆதாரம் கேட்கவில்லை, விடை சொன்னவரையே குருவாக ஏற்றுக்கொண்டார். இதில் ஏமாற்றும் இல்லை, ஏமாளித்தனமும் இல்லை. உடலுக்குள் இருந்துகொண்டே உடலைத் தாண்டி எப்படி வாழ்வது என்று தவிக்கும் ஒருவருக்கு, எந்த ஆய்வகத்தின் அறிக்கையையும்விட அந்த விடை பயன்பட்டிருக்கும். ஆனால் அதைப் பொய்யென்று காட்ட வழியே கிடையாது. அதன் பலமும் எல்லையும் அதுதான்.

சமயமும் காலத்துக்கேற்ப மாறத்தானே செய்கிறது என்று ஒருவர் கேட்கலாம். உண்மை, மாறுகிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நூற்றாண்டுக் கணக்கில் உரைகள் எழுந்தன, ஒன்றைவிட இன்னொன்று விரிந்து போயிற்று. ஆனால் உரையாசிரியர் எவரும் ‘ஆழ்வார் சொன்னது தவறு, நான் திருத்துகிறேன்’ என்று எழுதவில்லை. ‘ஆழ்வாரின் திருவுள்ளம் முதலிலிருந்தே இதுதான்’ என்றே எழுதினார்கள். மாற்றத்தை மாற்றமென்று ஒப்புக்கொள்ளாத மாற்றம் அது. இன்னொரு கேள்வியும் வரும்: மியாமி ஆய்வகத்தை நம்மில் யாரும் பார்த்ததில்லையே, அவர்கள் சொன்னதை நம்புவதும் ஒரு நம்பிக்கைதானே? பாதி சரி. மீதிப் பாதி, அதே அகழாய்வுகளின் மாதிரிகள் லக்னோவுக்கும் அகமதாபாத்துக்கும் போயின என்பதில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர் எங்கே போய்த் தட்ட வேண்டும் என்று முகவரி தரப்படுகிறது. கரியின் காலம் என்பது மரத்தின் காலம், இரும்பை உருக்கிய காலம் அல்ல; வயதான மரத்தின் வயிரம் எரிந்திருந்தால் அந்த வயதும் கணக்கில் ஏறிவிடும் என்று சந்தேகம் எழுப்பவும் இடமிருக்கிறது. கி.மு. 3345 உண்மையாகவே நிலைக்கலாம். ஆனால் இந்தச் சந்தேகங்களை எல்லாம் தாண்டி நிலைக்க வேண்டும். சந்தேகம் கேட்டவரைத் தமிழ் விரோதி என்று திட்டிவிட்டால் அந்த எண்ணுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மறுபக்கத்திலும் இதே குழப்பம். 2018 அக்டோபரில் நடந்த தாமிரபரணி புஷ்கர நீராட்டு விழா 144 ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று சுவரொட்டி சுவரொட்டியாகச் சொன்னார்கள். குரு, அதாவது வியாழன், விருச்சிகத்துக்குப் பெயர்வதைக் கொண்டு புஷ்கரம் கணிக்கப்படுகிறது. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டு ஆகிறது. பன்னிரண்டு சுற்றுக்கு 142 ஆண்டும் சில மாதங்களும்தான், 144 அல்ல. படித்துறையில் முங்கி எழுந்தவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, அவர் வானியல் பார்க்க வரவில்லை. ஆனால் ‘இதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது, முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர்’ என்று கிளம்புகிறவர், தானாகவே வியாழனைச் சாட்சிக்கு அழைக்கிறார். சாட்சி கூண்டில் ஏறி 142 என்று சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர் எந்தக் கருதுகோளையும் முன்வைக்கவில்லை. போனவரின் பெயரைச் சொல்லி, தான் மறக்கவில்லை என்கிறார். அந்த எள்ளுக்குச் சத்து இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது என்று காரணம் தேடுவது அவரைத்தான் சிறுமைப்படுத்துகிறது. சிவகளையில் நெல் வைத்தவரும் ஏறத்தாழ இவரைப் போன்றவர்தான். அவர் எப்போது வைத்தார் என்று ஆய்வகம் சொல்லும். வைத்துவிட்டு வீடு திரும்பியபோது அவர் மனம் ஆறியதா என்று கேட்டால், அதைச் சொல்லப் பாபநாசத்தில் நிற்கிறவரால் முடியும்.

ஆனால் அதே படித்துறையில் பரிகாரம் என்று கழற்றி ஆற்றில் விடும் வேட்டியும் சேலையும் மனம் சம்பந்தப்பட்டவை அல்ல. அவை பாறையில் சிக்குகின்றன, மீனையும் ஆளின் காலையும் சுற்றுகின்றன, நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீரில் ஊறுகின்றன. பாவம் கரைந்ததா என்று யாரும் அளக்க முடியாது, துணி கரையவில்லை என்பதைக் கண்ணால் பார்க்கலாம். எள்ளை ஆற்றில் விட்டுவிட்டு, துணியை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். நெல்லை ரெட்டியார்பட்டியில் எழுந்துள்ள பொருநை அருங்காட்சியகத்துக்கும் ஒரு வேண்டுகோள்: கி.மு. 3345 என்று எழுதும் இடத்திலெல்லாம் அது எந்தத் தாழி, எந்தக் கரித்துண்டு, எத்தனை ஆண்டு முன்பின் ஆகலாம் என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதி, கி.மு. 1155-இன் நெல் உமியையும் பக்கத்திலேயே வையுங்கள். பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடைவெளி ஏன் என்று கேட்கட்டும்.