மழைநீரில் மூழ்கும் மின் ஆட்டோக்கள்: அரை மணி நேரச் சோதனை போதுமா?

ஹைதராபாத்: மின்சார ஆட்டோக்களின் பேட்டரிக்குள் தண்ணீர் புகக்கூடாது என்ற விதி உருவாகக் காரணமான குழுவின் தலைவர் பணியாற்றிய ஆய்வகமும், வெள்ளம் நாள்கணக்கில் வடியாமல் நின்ற குடியிருப்புகளும் ஹைதராபாத்தின் தெற்கே ஒரே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. பாதுகாப்புத் துறை ஆய்வகங்களும் ஏவுகணைத் தொழிற்சாலையும் நிறைந்த காஞ்சன்பாக்கை அடுத்து ஹாஃபிஸ் பாபா நகர் உள்ளது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், பாலாபூரில், ஏ.ஆர்.சி.ஐ. எனப்படும் மத்திய அரசின் நவீனப் பொருள்கள் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

2020 அக்டோபர் 13 அன்று நகரையே புரட்டிப்போட்ட பெருமழைக்குச் சில நாள்கள் கழித்து, பாலாபூரின் குர்ரம் செருவு ஏரிக்கரை உடைந்தது. ஹாஃபிஸ் பாபா நகரின் தெருக்களில் வாகனங்கள் மூழ்கின, சில அடித்துச் செல்லப்பட்டன. எரிபொருளில் ஓடும் ஆட்டோ நீரில் மூழ்கினால், மெக்கானிக் எண்ணெயை மாற்றி, கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்து, பெரும்பாலும் ஓட வைத்துவிடுவார். இனிவரும் வெள்ளத்தில் அந்த வசதி எல்லோருக்கும் இருக்காது. ஹைதராபாத் வெளிவட்டச் சாலைக்கு உட்பட்ட பகுதியில் 20,000 புதிய மின் ஆட்டோக்களுக்கு 2025-ஆம் ஆண்டில் தெலங்கானா அரசு அனுமதி அளித்தது. மின் ஆட்டோக்களுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் 2026 இறுதிவரை இல்லை. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2023-இல் 5.8 லட்சத்துக்கும் அதிகமான மின்சார மூன்று சக்கர வாகனங்கள் விற்பனையாகி, சீனாவை இந்தியா முந்தியது.

விதி சொல்வது என்ன?

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றியதைத் தொடர்ந்து, ஏ.ஆர்.சி.ஐ. இயக்குநராக இருந்த டாடா நரசிங்க ராவ் தலைமையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நிபுணர் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைகளின் அடிப்படையில், இரண்டு மற்றும் மூன்று சக்கர மின் வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ்-156 தரநிலை திருத்தப்பட்டது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக அது நடைமுறைக்கு வந்தது. அதில் இடம்பெற்ற நிபந்தனைகளுள் ஒன்று, பேட்டரிப் பெட்டி 'ஐ.பி.எக்ஸ்-7' அளவுக்கு நீர்க்காப்பு கொண்டிருக்க வேண்டும் என்பது. அதாவது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடங்கள் வைத்தாலும் கேடு விளைவிக்கும் அளவுக்கு உள்ளே நீர் புகக்கூடாது.

விதி நல்ல விதிதான். ஆனால் அது அளிக்கும் உறுதி, தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய பெட்டிக்கு, சோதனைக்கூடத்தின் நல்ல தண்ணீரில், அரை மணி நேரத்துக்கு. ஏரி உடைந்து வரும் நீர் அரை மணி நேரத்தில் வடிவதில்லை; சாக்கடையும் உப்பும் கலந்த அந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தவும் செய்யும். இரண்டு ஆண்டுகள் குண்டுங்குழியுமான சாலையில் அதிர்ந்த பெட்டியின் ரப்பர் முத்திரை, முதல் நாளில் இருந்த இறுக்கத்தோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பழுதுபார்க்க ஒருமுறை திறந்து மூடினாலே கதை மாறிவிடும். இன்னொன்றும் உண்டு: ஐ.பி.எக்ஸ்-7 என்பது மூழ்குவதற்கான சோதனை. பீய்ச்சி அடிக்கும் நீருக்கு அது பொருந்தாது. வாட்டர் வாஷ் கடையில் இருக்கைக்கு அடியில் அழுத்தத்துடன் குழாயைத் திருப்பும் ஓட்டுநருக்கு இதை யாரும் சொல்வதில்லை. விதி வருவதற்கு முன்பே சாலைக்கு வந்த வண்டிகளின் நிலை இதைவிட மோசம். இருக்கைக்கு அடியில் ஈய-அமில பேட்டரிகளை வரிசையாக அடுக்கிய பழைய இ-ரிக்‌ஷாக்களில், நீரைத் தடுக்க ஒரு பலகைதான் இருக்கும்.

ஆபத்து பிறகுதான் வருகிறது

ஆட்டோக்களில் பரவலாக உள்ள பேட்டரியின் அழுத்தம் சுமார் 48 வோல்ட். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்குக் கீழ் உயிருக்கு ஆபத்தான மின்னதிர்ச்சி ஏற்படும் வாய்ப்பு குறைவு. எனவே நீரில் நிற்கும் ஆட்டோவைத் தொட்டால் உயிர்போகும் என்ற அச்சம் மிகை. உண்மையான ஆபத்து, நீர் வடிந்து வண்டி காய்ந்ததாகத் தோன்றும்போது தொடங்குகிறது. உள்ளே தங்கிய ஈரம், ஒவ்வொரு கலத்தின் அழுத்தத்தையும் கண்காணிக்கும் மின்சுற்றுப் பலகையை அரிக்கிறது. மெல்லிய கசிவுப் பாதைகள் உருவாகின்றன. சில கலங்கள் வேகமாகத் தீர்கின்றன. கண்காணிப்புப் பலகை தவறான அளவைக் காட்டினால், ஏற்கெனவே நிறைந்த கலத்துக்குள் சார்ஜர் மேலும் மின்சாரத்தைத் திணிக்கும். அங்கிருந்து தீ வெகு தூரத்தில் இல்லை.

2022 செப்டம்பரில் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயான் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின் கார்கள், நீர் வடிந்த பிறகே தீப்பற்றின. 2012-இல் சாண்டி புயலில் நியூஜெர்சி துறைமுகத்தில் 16 ஃபிஸ்கர் கார்கள் எரிந்தபோது, காரணம் பெரிய பேட்டரி அல்ல, உப்புநீர் புகுந்த சிறிய 12 வோல்ட் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அந்நிறுவனம் விளக்கியது. ஹைதராபாத்தின் ஏரிநீர் கடல்நீர் அல்ல. அந்த அளவு ஆபத்தை இங்கு எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆயினும், பேட்டரிப் பெட்டியை மட்டும் காத்தால் போதாது, அதைச் சுற்றியுள்ள இணைப்பிகளும் ஒயர்களும் சார்ஜ் துளையும் காக்கப்பட வேண்டும் என்பதற்கு ஃபிஸ்கர் போதுமான சான்று.

மூழ்கிய வண்டியைச் சார்ஜ் செய்யாமல், வீட்டிலிருந்து தள்ளி நிறுத்தி, சேவை மையத்தில் திறந்து பார்த்த பிறகே ஓட்ட வேண்டும் என்பதே சரியான அறிவுரை. வாடகை வாகனங்களுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது, பெட்டியின் முத்திரையைக் காற்றழுத்தம் கொண்டு சோதிப்பதையும் சேர்ப்பது அரசுக்குக் கடினமான வேலை அல்ல. கடினம் ஓட்டுநருக்குத்தான். கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. வெள்ளச் சேதத்தை உத்தரவாதத்திலிருந்து விலக்கி வைப்பது வாகனத் துறையில் வழக்கம். புதிய பேட்டரியின் விலையோ வண்டி விலையில் பெரும்பங்கு. மாதத் தவணை காத்திருக்கும்போது, பெரும்பாலோர் வண்டியை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, இரவில் வீட்டு வாசலிலேயே சார்ஜரைச் செருகுவார்கள்.