செடிக்கு கேஸ் போடும் முன்...

மீன் தொட்டியில் செடி வளர்க்கும் எல்லாருக்கும் ஒரு கட்டம் வரும். தகாஷி அமானோவின் தொட்டிப் படங்களைப் பார்ப்பார்கள். ஜப்பானின் நீகாதாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் அவர் (1954-2015). தண்ணீருக்குள் புல்வெளி, காடு, மலை என்று செய்து காட்டிய மனிதர். பார்த்த அன்றைக்கே ஆசை வந்துவிடும். சென்னைக்காரர் என்றால் கொளத்தூர் போய் நாலு கட்டு செடியும், பளிச்சென்று ஒரு எல்இடி விளக்கும் வாங்கி வருவார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் செடி பாதி உருகிப் போயிருக்கும். கண்ணாடி முழுக்கப் பாசி!

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "கார்பன் டை ஆக்சைடு கொடுங்க, எல்லாம் சரியாயிடும்."

சரியாகுமா? இதில் பாதி உண்மை இருக்கிறது. காய்ந்த செடியின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு மேல் கார்பன்தான். வெளியில் இருக்கும் செடிக்கு அது காற்றிலிருந்து சுலபமாகக் கிடைக்கிறது. தண்ணீருக்குள் அப்படி இல்லை. காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் இந்த வாயு அரை மில்லிகிராம் சொச்சம்தான் கரைந்திருக்கும். போதாததற்கு, காற்றில் பரவுவதை விடத் தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால்தான் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றினால் செடி வளரும், சந்தேகமே இல்லை.

ஆனால் மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பெயரில் ஒரு விதி உண்டு. தேவையானவற்றில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் வளர்ச்சியை நிர்ணயிக்கும். ஒரு மரப் பீப்பாயில் ஒரு பலகை மட்டும் குட்டையாக இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு மேல் நிற்காது இல்லையா? அது மாதிரி. தொட்டியில் செடியின் பசியைத் தூண்டுவது வெளிச்சம். வெளிச்சம் அதிகமானால் செடி அதிகம் கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் செடி நலியும், அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். அப்படியென்றால் முதலில் தொட வேண்டியது சிலிண்டரையா, விளக்கையா? விளக்கை ஆறு, ஏழு மணி நேரமாகக் குறைக்க ஒரு பைசா செலவில்லை, கரண்ட் பில் கூடக் குறையும். காசில்லாத வைத்தியத்தைச் செய்து பார்க்காமல் காசு போடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகரைன் எல்லாம் மிதமான வெளிச்சத்தில், தனியாக கேஸ் எதுவும் இல்லாமலே வளரும். டயானா வால்ஸ்டாட் 1999-இல் எழுதிய புத்தகம் முழுக்க இந்த வழிதான். கூழாங்கல்லுக்கு அடியில் மண், மேலே நிறைய செடி. மண்ணில் மட்கும் பொருளும் மீன்களின் மூச்சும் தரும் வாயுவே போதும்.

இனி மீன் பக்கம் வருவோம். ஏனென்றால் இந்த வியாபாரத்தில் லாபம் செடிக்கு, அழகு உங்களுக்கு, ரிஸ்க் மட்டும் மீனுக்கு!

மீனின் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு செவுள் வழியாகத் தண்ணீருக்குள் கரைந்து வெளியேற வேண்டும். தண்ணீரிலேயே அது நிறைந்திருந்தால் வெளியேற வழியில்லை. ரத்தம் அமிலமாகும், ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். "ஏர் பம்ப் ஓடுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஏர் பம்ப் உதவுவது உண்மை. முக்கியமாக அது தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கி அந்த வாயுவை வெளியே விரட்டுவதால்தான்.

செலவைக் குறைக்கப் பலரும் போவது சர்க்கரை-ஈஸ்ட் பாட்டிலுக்கு. இதில் பெரிய சிக்கல், பாட்டிலுக்கு சுவிட்ச் கிடையாது. இரவில் விளக்கு அணைந்ததும் செடி வாயுவை எடுப்பதை நிறுத்திவிட்டு, தானும் வெளிவிட ஆரம்பிக்கும். பாட்டில் பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். சென்னை மே மாதச் சூட்டில் ஈஸ்ட் இன்னும் வேகமாக வேலை செய்யும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் தங்கும். இதில் நடுராத்திரி கரண்ட் போனால்? ஃபில்டர் நிற்கும், ஏர் பம்ப் நிற்கும், பாட்டில் மட்டும் நிற்காது. காலையில் மீன் மிதக்கும். மிச்சம் பிடித்த காசு எங்கே போனது?

கடையில் 'லிக்விட் கார்பன்' என்று விற்பதும் கார்பன் டை ஆக்சைடு அல்ல. பெரும்பாலும் அது குளூட்டரால்டிஹைடு. மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் அதே பொருள். அளவு தப்பினால் வாலிஸ்நேரியா போன்ற செடியே உருகிவிடும்.

அப்போது கேஸே கூடாதா? அப்படியில்லை. தரை முழுக்கப் புல் விரிப்பும் சிவப்புச் செடியும் வேண்டும் என்றால் கேஸ் வேண்டும்தான். ஆனால் முழுசாகச் செய்ய வேண்டும். சிலிண்டர், ரெகுலேட்டர், விளக்கோடு சேர்ந்து அணையும் சோலனாய்டு வால்வு, அளவு காட்டும் டிராப் செக்கர். சோலனாய்டு, கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும். டிராப் செக்கர் நீலமாக இருந்தால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. அதுவும் நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும். ஆகவே நிறத்தை விட மீனைப் பாருங்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே கேஸை நிறுத்திவிட்டு, தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கிவிடுங்கள்.

இவ்வளவு செலவு முடியாது என்றால் விளக்கைக் குறைத்து எளிய செடி வையுங்கள். அதுவும் அழகுதான். இரண்டுமே நல்ல வழி. அரைகுறை செலவில் அமானோ தொட்டிக்கு ஆசைப்படுவதுதான் ஆபத்தான வழி. ஏனென்றால் மிச்சப் பணத்தைக் கட்டப்போவது மீன். அதனிடம் யாரும் கேட்கவே இல்லை.