சூப்பில் நீந்திய மீன்

எங்கள் வீட்டில் முட்டைகூட வாசல்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு சாம்பிராணி போடுவாள். அப்பேர்ப்பட்ட மாயவரத்து சைவக் குடும்பத்தில் பிறந்த அடியேன், ஏறக்குறைய எழுபது நாள் தினமும் காலையில் மீன் சாறு குடித்தேன். அதுவும் சப்புக்கொட்டிக்கொண்டு.

நடந்தது ஜப்பானில், கியோட்டோ நகரத்தில். வருஷம் 2013. எனக்கு வயசு 22. பி.காம். முடித்து, சி.ஏ. பரீட்சை என்னை இரண்டு தடவை கைவிட்டிருந்தது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பானிய மொழி தெரிந்தவனுக்கு நல்ல சம்பளம் என்று ஒரு நண்பன் ஊதிவிட்டான். அம்மாவின் நகைகள் பேங்குக்குப் போயின. நான் கியோட்டோவுக்குப் போனேன். ஒரு வருஷ மொழிப் படிப்பு. தங்குவதற்கு ஒரு ஜப்பானியக் குடும்பம். இதற்கு 'ஹோம் ஸ்டே' என்று பெயர். கௌரவமாகச் சொன்னால் விருந்தாளி. கணக்குப் புத்தகத்தின்படி மாதம் அறுபதாயிரம் யென் வாடகை கட்டும் பேயிங் கெஸ்ட். அன்றைக்கு ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேலே. பெருக்கிப் பார்த்துவிட்டு முதல் ராத்திரி நான் தூங்கவில்லை.

வீட்டில் இரண்டே பேர். 'ஒகாசான்' என்றால் அம்மா. 'ஒதோசான்' என்றால் அப்பா. அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் டோக்கியோவில். ஒதோசான் ரிட்டயர் ஆனவர். ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் டீம் ஜெயித்தால் பேசுவார், தோற்றால் பேசமாட்டார். அந்த வருஷம் அவர் சுமாராகப் பேசினார்.

முதல் நாளே நான் மானத்தை வாங்கினேன். (என்னுடையதைத்தான்.) 'ஒஃபுரோ' என்கிற குளியல் தொட்டியில் முழங்கால் மடக்கி உட்கார்ந்தால் கழுத்து வரை சூடான தண்ணீர். விருந்தாளிதான் முதலில் குளிக்க வேண்டும் என்றார்கள். குளித்தேன். சோப்புப் போட்டேன். முடித்ததும், நல்ல பிள்ளையாக, அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு வந்தேன். வெளியே வந்து பார்த்தால், ஒதோசான் தோளில் துண்டோடு காத்திருக்கிறார்!

அப்புறம்தான் விளங்கியது. தொட்டிக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு அலம்பிக்கொள்ள வேண்டும். சுத்தமான பிறகு தொட்டியில் இறங்கி ஊற வேண்டும். அதே தண்ணீரில்தான் வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்து ஊறுவார்கள். சூடு போகாமல் மூடி போட்டு வைப்பார்கள். மறுநாள் அதே தண்ணீர் வாஷிங் மெஷினுக்குப் போகும். காவிரிக் கரையில் பிறந்தும் தண்ணீரின் அருமை எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒதோசான் ஒன்றும் சொல்லவில்லை. டைகர்ஸ் தோற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி தொட்டியை நிரப்பினார்.

கக்கூஸ் செருப்போடு ஹாலுக்குள் நடந்தது, சாதத்தில் குச்சிகளை நட்டு நிறுத்தியது (அது இறந்தவர்களுக்குப் படைக்கிற முறையாம், ஒகாசான் பதறிப்போய்ப் பிடுங்கினார்) என்று என் லீலைகள் இன்னும் உண்டு. இப்போது மீனுக்கு வருவோம்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் பள்ளிக்கூடத்துப் பாரத்தில் தெளிவாக எழுதியிருந்தேன். மாமிசம் கூடாது. மீன் கூடாது. முட்டை கூடாது. ஒகாசான் அதை வரிக்கு வரி கடைப்பிடித்தார். காலை ஐந்தரைக்கே எழுந்து சாதம், ஊறுகாய், வேகவைத்த கீரை, அப்புறம் சுடச்சுட மிசோ சூப். மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது. அதில் டோஃபு, கடல்பாசி மிதக்கும். ஆஹா! ரசமும் இல்லாத, சாம்பாரும் இல்லாத ஒரு ருசி. அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. இரண்டாவது கிண்ணம் கேட்பேன். ஒகாசான் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சாப்பிட்டுவிட்டு வாசலில் ஷூ மாட்டும்போது 'இத்தெகிமாஸ்' என்று சொல்ல வேண்டும். அதைப் பிரித்துப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'போய்' என்று ஒரு துண்டு, 'வருகிறேன்' என்று ஒரு துண்டு. சாட்சாத் நம் 'போயிட்டு வரேன்'! பதிலுக்கு அவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார். 'போயிட்டு வாங்க'. சுசுமு ஓனோ என்கிற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல வருஷங்கள் எழுதினார். மொழியியல்காரர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் அந்த வாசற்படியில் நின்று தினமும் ஒப்புக்கொண்டேன்.

ஜூன் மாசம். அங்கே அது மழைக்காலம். அரிசி மூட்டை தூக்குவதற்காக ஒகாசானோடு சூப்பர் மார்க்கெட் போனேன். அவர் ஒரு பெட்டியை எடுத்துக் கூடையில் போட்டார். பெட்டி மேல் ஒரு மீன் படம். மீன் என்னைப் பார்த்துச் சிரித்தது.

"இது எதுக்கு ஒகாசான்?"

"மிசோ சூப்புக்குத்தான். வீட்ல கண்ணாடி பாட்டில்ல கொட்டி வெச்சிருக்கேனே!"

ஙே!

கட்சுவோ என்று ஒரு மீன். சூரை வகை. அதை வேகவைத்து, புகையில் காட்டி, கட்டைபோல் ஆகும்வரை காயவைப்பார்கள். அப்புறம் தச்சர் இழைப்புளி மாதிரி ஒன்றில் சீவுவார்கள். நம் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தம்பி. அதை வெந்நீரில் போட்டு இறுத்தால் 'தாஷி' என்கிற சாறு. அவசரக்காரர்களுக்குப் பொடியாகவே கிடைக்கிறது. சூப், குழம்பு, வேகவைத்த கீரை, எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம். ஒகாசான் என்னை ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் மீன் என்பது தட்டில் துண்டாகக் கிடப்பது. தாஷி என்பது ருசி. காப்பி குடிக்கிற என்னிடம் யாராவது வந்து, 'மாடு சாப்பிடுவியா?' என்று கேட்டால் நான் எப்படி விழிப்பேனோ, அப்படித்தான்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்தரைக்கு எழுந்து சமைக்கிற மனுஷி மனசு உடைந்துபோவார் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தார் வேறு வீடு மாற்றினால் கட்டின பணம் போய்விடுமே என்று இன்னொரு பயம். நிஜக் காரணம் இதெல்லாம் இல்லை. அந்த சூப் எனக்குப் பிடித்திருந்தது, ஸார். அதை எந்தத் தலைப்பில் பதிவதென்று தெரியவில்லை.

மனச்சாட்சிக்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு கேவலமான ஒப்பந்தம் போட்டேன். ஒகாசான் அந்தப்பக்கம் திரும்பினதும் சூப்பைத் தொட்டியில் கொட்டிவிடுவது. இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார். சமையல் அலுத்துவிட்டது என்று நினைத்து உருளைக்கிழங்கு போட்டார். மறுநாள் முள்ளங்கி. அதற்கு மறுநாள் பொரித்த டோஃபு. ஏழு நாள், ஏழு சூப். நான் ஏழையும் தொட்டியில் கொட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தொட்டி கண்ணில் வருகிறது.

எட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்போதெல்லாம் ஸ்கைப் இருந்தது. அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஒகாசான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க அம்மாகிட்ட கேளுங்க. உங்களுக்கு என்ன பிடிக்கும்னு."

இந்தப் பக்கம் அம்மா, "காலைல என்னடா போடறாங்க, கேளு" என்கிறாள்.

நடுவில் நான், மொழிபெயர்ப்பாளன். ஒரகடத்தில் இதற்குத்தான் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள்.

ஒகாசான் பெருமையாக ஓடிப்போய் அந்தக் கண்ணாடி பாட்டிலை எடுத்துவந்து காமிரா முன்னால் காட்டினார்.

"என்னடா அது? ரசப்பொடியா?"

"ஆமாம்மா... ரசப்பொடி மாதிரி."

"என்னென்ன போட்டு அரைச்சிருக்காங்க, கேளு."

கேட்டேன். ஒகாசான் பளிச்சென்று, "கட்சுவோ!" என்றார்.

"என்னவோ கத்சுவோங்கறாங்களே?"

"க... கத்திரிக்காய்ம்மா. காய்ஞ்ச கத்திரிக்காய்."

"கத்திரி வத்தலா! பேஷ். அந்தம்மாவுக்கு நல்ல கைமணம்னு சொல்லு" என்றாள் அம்மா. கைகூப்பிக் கும்பிட்டாள். ஒகாசானும் அதே மாதிரி கும்பிட்டார். இரண்டு அம்மாக்களும் திரையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒகாசானுக்குத் தமிழ் தெரியாது. என் முகம் தெரியும். ராத்திரி கதவைத் தட்டினார். "உங்க அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?" என்று ஒரே கேள்வி. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இந்தத் தடவை தொட்டியில் இல்லை.

அவர் அப்படியே தரையில் மண்டியிட்டு, நெற்றி பாயில் பட, வணங்கினார். என் அம்மா வயசு மனுஷி! எனக்குக் கை கால் ஓடவில்லை. நானும் மண்டியிட்டேன். யார் முதலில் தலையைத் தூக்குவது என்று தெரியாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம்.

கியோட்டோக்காரர்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள் என்று ஜப்பானிலேயே பேச்சு உண்டு. 'கொஞ்சம் சாதமும் டீயும் சாப்பிடறீங்களா?' என்று கேட்டால், 'ரொம்ப நேரமாச்சு, கிளம்பு' என்று அர்த்தமாம். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரர் அன்றைக்கு நேராகச் சொன்னார்:

"தெரியாம குடுத்தது என் தப்பு. தெரிஞ்சும் நீங்க சொல்லாதது உங்க தப்பு. அதைக்கூட விடுங்க. உங்க அம்மா முகத்துக்கு நேரா என்னையும் பொய் சொல்ல வெச்சுட்டீங்களே!"

மூன்று நாள் காலையில் ரொட்டியும் ஜாமும்தான். பேச்சு 'இத்தெராஷ்ஷாய்' ஒன்றோடு சரி. அதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

நாலாவது நாள் மேஜையில் மறுபடி சூப். நான் தயங்கினேன்.

"கோம்பு" என்றார். ஹொக்கைடோ கடலில் விளைகிற கரும்பச்சைப் பாசி. கூடவே ஷியிடாகே என்கிற காய்ந்த காளான். இரண்டையும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் தாஷி தயார். புத்த மடங்களில் துறவிகள் சமைப்பது இப்படித்தானாம். மடங்கள் நிறைந்த அந்த ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்வது பெரிய காரியமில்லை. இந்தக் கோம்புவிலிருந்துதான் 1908-ல் கிகுனாயே இகேதா என்கிற பேராசிரியர் அந்த அடிநாக்கு ருசியைப் பிரித்தெடுத்து 'உமாமி' என்று பேர் வைத்தார். மனுஷர் பிறந்ததும் கியோட்டோதான். அதிலிருந்து வந்ததுதான் நம் ஊர் ஃப்ரைட் ரைஸ் கடைகள் வாரி இறைக்கிற அஜினோமோட்டோ.

குடித்துப் பார்த்தேன். மீன் சாறு அளவுக்கு இல்லை. (பொய் சொல்லமாட்டேன் என்று அப்போதுதான் தீர்மானித்திருந்தேன்.) ஆனால் நன்றாக இருந்தது.

"எனக்கு ஒரு உதவி" என்றார் ஒகாசான். 'மீன் இல்லை' என்பதைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதைப் பார்த்து ஒரு தாளில் நாலைந்து தடவை எழுதிப் பழகி, நல்லதாக ஒன்றைக் கத்தரித்துப் புதுப் பாட்டிலில் ஒட்டினார். 'லை'யில் கொம்பு லகரத்துக்கு முன்னால் வரவேண்டும். அவர் பின்னால் போட்டிருந்தார்.

அப்புறம் போனை என் பக்கம் தள்ளினார். அம்மாவிடம் சொல்லியாக வேண்டும் என்று அர்த்தம்.

சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"எத்தனை நாளா?"

"எழுபது நாள்மா."

மறுபடி மௌனம்.

"நல்லா இருந்துச்சாடா?"

"இருந்துச்சும்மா."

"சரி, வை. எனக்கு வேலை இருக்கு."

இரண்டு வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் தானே கூப்பிட்டு, "அந்தம்மா சௌக்கியமா?" என்று ஆரம்பித்தாள்.

2014 மார்ச் கடைசியில் ஊருக்குக் கிளம்பினேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்பனை வரி 5 சதவிகிதத்திலிருந்து 8 ஆகிறது என்று ஒகாசான் டாய்லெட் பேப்பராக வாங்கி மாடிப்படி முழுக்க அடுக்கியிருந்தார். அந்த மூட்டைகளைத் தாண்டிக் குதித்துத்தான் என் பெட்டிகளை இறக்கினோம். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். 'சயோனரா' சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வாய் பழக்கத்தில் 'இத்தெகிமாஸ்' என்றுவிட்டது. ஒகாசான், "இத்தெராஷ்ஷாய்" என்றார். ஒதோசான் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார்.

இன்னும் திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு புது வருஷத்துக்கும் வாழ்த்து அட்டை வருகிறது.

மாயவரத்தில் பெட்டியைத் திறந்தபோது, துணிகளுக்கு நடுவே அந்தப் பாட்டில், நிறையக் கோம்புத் துண்டுகளோடு. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். சந்தேகமாக என்னைப் பார்த்தாள். பிறகு லேபிளைப் பார்த்தாள்.

"யாருடா எழுதினது?"

"அவங்கதான்."

அம்மா முப்பது வருஷம் பஞ்சாயத்துப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். தப்பாக எழுதின எழுத்தைத் திருத்தாமல் விட்டதில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் பேனாவை மூடிவிட்டாள்.

கோம்பு தீர்ந்து வருஷக்கணக்காகிறது. பாட்டில் இன்னும் எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது, அதே லேபிளோடு. இப்போது அதில் கத்திரி வத்தல்.