முதலில் பெலான், பிறகு செங்கல்



பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கொண்டு, பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலை வீட்டை வாங்கிக் குடியேறிய குடும்பங்கள் நம்மில் ஏராளம். லயத்து வீட்டில் இருந்தவரை ஒரு தடுப்புப் பலகை அடிப்பதென்றாலும் தோட்ட ஆப்பீசைத்தான் கேட்க வேண்டும். ஆகவே சொந்த வீடு கிடைத்ததும், "என் வீடு, என் காசு, இனி யாரைக் கேட்க வேண்டும்?" என்ற எண்ணம் வருவது இயல்பே. மூத்தவனுக்குக் கல்யாணம் வருகிறது, பின்பக்கம் ஓர் அறை போடலாம், சமையற்கட்டைக் கொஞ்சம் நீட்டலாம் என்று ஆசைப்படுகிறோம். ஆசை தவறில்லை. ஆனால் பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 70ஆம் பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. "நான் கட்டடமா எழுப்புகிறேன்? ஓர் அறைதானே!" என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கும் வீட்டோடு சேர்த்துப் புது அஸ்திவாரம் போட்டாலும், பழைய அஸ்திவாரத்தின் மேல் புதிதாகப் பாரம் ஏற்றினாலும், இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள திறந்தவெளிக்குக் கூரை போட்டாலும் அது சட்டத்தின் பார்வையில் கட்டடம் எழுப்புவதுதான். மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. கட்டியதை இடிக்கச் சொல்லி உத்தரவும் வரலாம். கட்டிய காசும் போய், இடிக்கும் கூலியும் நம் தலையில் விழும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். 1993 டிசம்பர் 11ஆம் நாள், கோலாலம்பூருக்கு அருகில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் அப்படியே சாய்ந்து 48 உயிர்களைக் கொண்டுபோனது. பின்னாலிருந்த மலைச்சரிவில் வடிகால் சரியில்லை, தடுப்புச் சுவர்களும் தாங்கவில்லை. மண்ணும் தண்ணீரும் யாருடைய தயவையும் பார்ப்பதில்லை. நம் வீட்டுப் பின்புறக் கால்வாயை மூடி அறை கட்டினால், அடுத்த மழைக்கு நம் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் தண்ணீர் புகும். தீப்பிடித்தால் பின்சந்து வழியே ஓட இடமிருக்காது.

1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகளும் இதே அக்கறையில் எழுதப்பட்டவைதான். வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும், மற்றவை 6.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. படுக்கையறையின் உயரம் குறைந்தது 2.5 மீட்டர். சன்னல்களின் பரப்பு, அறைத் தரையில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மாடிப்படி ஒவ்வொன்றும் 180 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. காற்றில்லாத அறையில் படுக்கும் குழந்தையையும், செங்குத்தான படியில் தடுமாறும் பாட்டியையும் நினைத்துப் பார்த்தால் இவற்றின் நியாயம் புரியும்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் நிலப்பட்டாவைப் பாருங்கள். அதில் நிலத்தின் வகை எழுதியிருக்கும். 'பங்குனான்' என்றால் கட்டட நிலம்; 'பெர்த்தானியான்' என்றால் விவசாய நிலம். நான்கைந்து குடும்பங்கள் கூட்டாக வாங்கிய விவசாய நிலத்தில் ஆளுக்கொரு வீடு எழுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். முதலில் நில அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, உங்கள் நகராண்மைக் கழகத்தின் அல்லது மாவட்ட மன்றத்தின் கட்டடப் பிரிவுக்குப் போங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, அதற்குச் சின்ன பெர்மிட் போதுமா, முழுப் பெலான் வேண்டுமா என்று கேளுங்கள். சில்லறைப் பழுதுபார்ப்புக்குச் சின்ன பெர்மிட் போதுமென்று சொல்லும் மன்றங்கள் உண்டு. அறை சேர்ப்பது, மாடி எடுப்பது போன்றவற்றுக்குப் பெலான் வரைந்தாக வேண்டும். அதைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ, பொறியியலாளரோ, கட்டட வரைவாளரோ வரைந்து கையெழுத்திட வேண்டும். பட்டா நகல், அடையாளக் கார்டு நகல், சுக்காய் பிந்து கட்டிய ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதம் கேட்கும் மன்றங்களும் உண்டு. கட்டணமும் முன்பணமும் மன்றத்துக்கு மன்றம் மாறும். கட்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, அனுமதிக் கடிதம் கையில் கிடைக்கும்வரை ஒரு மண்வெட்டியும் மண்ணில் இறங்கக் கூடாது. வேலை தொடங்கும்போதும், கட்டடத்துக்குக் கோடு போட்டு முடிக்கும்போதும், அஸ்திவாரம் தோண்டி முடிக்கும்போதும் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. சிமிந்தி ஊற்றிய பிறகு உள்ளே கம்பி இருக்கிறதா, மூங்கில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? மூடுவதற்கு முன் பார்த்தால்தான் உண்டு. பெலான் வரைந்தவரை அந்த நேரத்தில் அழைத்துக் காட்டுங்கள்.

நான்காவது, வேலை முடிந்ததும் தகுதிச் சான்றிதழைக் கேளுங்கள். முன்பு இதை மன்றமே கொடுத்தது, சி.எப். என்போம். 2007 ஏப்ரல் 12 முதல் சி.சி.சி. என்ற சான்றிதழ் வந்தது. பெலானைச் சமர்ப்பித்த நிபுணரே பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டு அதைக் கொடுக்கிறார். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு இந்தச் சான்றிதழ் இல்லாமல் குடிபோகாதீர்கள். பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டுகிறவர்கள், முடிவில் எந்தத் தாள் கிடைக்கும் என்பதை மன்றத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கண்டிராக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பெர்மிட்டெல்லாம் எதுக்குண்ணே, இந்த வரிசையில எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்காங்க" என்று அவர் சொல்லுவார். நோட்டீஸ் வரும் நாளில் அதில் இருப்பது வீட்டுக்காரர் பெயர்தான். பக்கத்து வீட்டில் பெர்மிட் இல்லை என்பது நமக்கு மன்னிப்பாகாது. அவர் சி.ஐ.டி.பி. என்னும் கட்டுமானத் தொழில் வாரியத்தில் பதிந்தவரா என்று கேளுங்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காமல், அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏற்கெனவே அனுமதியின்றிக் கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? பயந்து ஒளிய வேண்டாம். விதிக்கு உட்பட்டதாக இருந்தால், பெலான் போட்டு, அபராதம் செலுத்தி, முறைப்படுத்திக்கொள்ளப் பல மன்றங்களில் வழியுண்டு. நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் நீங்களே போய்க் கேளுங்கள். மலாயில் பேசக் கூச்சமாக இருந்தால் படித்த பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள்.

பெலானுக்கும் கட்டணத்துக்கும் ஆகும் செலவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், வாழ்நாள் உழைப்பெல்லாம் அந்தச் சுவருக்குள் இருப்பதை மறக்க வேண்டாம். நாளை வீட்டை விற்கவோ, பிள்ளைகள் பெயருக்கு மாற்றவோ போகும்போது, ஒழுங்கான தாள்கள் கையில் இருந்தால் யார் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. பட்டாவோடு பெலானையும் அனுமதிக் கடிதத்தையும் ஒரே பையில் போட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். அது இருக்கும் இடத்தை மனைவி மக்களுக்கும் சொல்லி வையுங்கள்.